படுத்துக்கொண்ட ஆர்.பி.எம். முள்

என் பழைய டீசல் பிக்கப்பில் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் பூஜ்ஜியத்தில் படுத்துக்கொண்டதால், வண்டி ஓடவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வண்டிக்குத் தகுதிச் சான்று தரும் எஃப்.சி. மைதானத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். இன்ஜின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பானெட் மேல் வைத்த டீ டம்ளர் நடுங்கியது.

ஆய்வாளர் கமலவேணி முள்ளைப் பார்த்தார். டம்ளரைப் பார்க்கவில்லை.

“ஓடாத வண்டி எப்படி வந்துச்சு?”

“நான் ஓட்டிக்கிட்டு வந்தேன் மேடம்.”

“அப்ப நீங்களும் வரல.”

சட்டம் எளிமையானது. ஓடாத வண்டி கட்டடம். மாலை ஐந்துக்குள் முள் எழவில்லை என்றால் கதவு எண் அடித்துவிடுவார்கள். அதன் பிறகு கட்டடம் நகரக் கூடாது. பின்னால் என் மகள் பூங்கோதையின் சீர் சாமான் இருந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர். மறுநாள் காலை அவள் புகுந்த வீட்டில் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவள் தலைநிமிர முடியாது.

கமலவேணி ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஒரே ஒரு கட்டம். ‘கோளாறுக்குக் காரணமான முட்டாளின் பெயர்.’

“இதை நிரப்பினாத்தான் பழுது பாக்கலாம். தப்பான பேரு எழுதினா மை நிக்காது.”

எனக்கு உற்சாகமாகிவிட்டது. நாட்டில் முட்டாள்களுக்கா பஞ்சம்? மெக்கானிக் சவரிமுத்துவின் பெயரை எழுதினேன். போன வருஷம் ஆல்டர்னேட்டரை மாற்றியவன் அவன்தான். மை வழுக்கிக்கொண்டு பேனாவுக்குள் திரும்பிப் போனது.

சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். மணி அடிப்பதற்குள் கரண்ட் கம்பத்தின் பின்னாலிருந்து வந்தான். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

“ஃபியூஸ் நல்லாருக்கு. மீட்டருக்குக் கரண்டும் வருது. டீசல் வண்டியில ஆல்டர்னேட்டர்லேருந்து ஒரு ஒயர் போய்த்தாண்ணே முள்ளுக்குச் சொல்லணும், இன்ஜின் ஓடுதுன்னு.”

“அதையாவது ஒழுங்கா மாட்டினியா?”

“மாட்டினேனே.”

பெரிய விஞ்ஞானி. ஒயரைப் பிடித்துக்கொண்டு பானெட்டுக்குள் இறங்கினான். இடுப்பு மறைந்தது. செருப்பு மறைந்தது. அரை மணி நேரம் உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது. பானெட் வெளியே வழக்கமான நீளத்தில்தான் இருந்தது.

அதற்குள் சதக்கத்துல்லா என்ற ஒருவர் மனைவியோடு வந்து வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“வீடு காலியா இருக்குன்னாங்க.”

“இது வண்டிங்க.”

“தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?”

என் பதிலுக்குக் காத்திராமல் ஏறி, மகளின் கட்டிலில் படுத்தார். அவர் மனைவி கிரைண்டரில் மாவுக்கு அரிசி ஊறவைத்தார். மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

சவரிமுத்து வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

“ஒயர்ல ஒரு முழம் வெட்டி எடுத்திருக்காங்கண்ணே.”

“எந்த மடையன்?”

“அந்த முழம் உங்க மியூசிக் ஹாரன்ல இருக்கு.”

மகள் கல்யாணத்துக்காகப் போன மாதம் மாட்டிய ஹாரன் அது. சவரிமுத்துவிடம் விட்டால் கெடுத்துவிடுவான் என்று நானே மாட்டினேன். ஒயர் ஒரு முழம் குறைந்தது. சும்மா தொங்கிக்கொண்டிருந்த பழுப்பு ஒயரில் வெட்டிக்கொண்டேன். எவனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான்.

ஹாரன் விற்றவன் பெயரை எழுதினேன். மை நிற்கவில்லை. ஒயருக்குப் பழுப்பு நிறம் தேர்ந்தெடுத்தவன் என்று எழுதினேன். நிற்கவில்லை. யாரும் இல்லை என்று எழுதினேன். அதுவும் வழுக்கியது.

பூங்கோதை போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஹாரனை நீங்கதானேப்பா மாட்டினீங்க?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“உங்க பேரை எழுதிட்டு வந்துருங்கப்பா. காலையில எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

போனை வைத்துவிட்டேன். பெற்ற பெண்ணே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சவரிமுத்து ஒயரின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி என்னைப் பார்த்தான். என் பெயர் தணிகாசலம். ‘த’ மட்டும் எழுதிப் பார்த்தேன். நின்றது. கருகருவென்று நின்றது. எச்சில் தொட்டு அழித்தேன்.

மணி ஐந்தானது. டிரைவர் பக்கக் கதவில் 14/3 என்று தகடு அடித்தார்கள். இன்ஜின் தானாக அடங்கியது. கமலவேணி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“காற்றோட்டமான வீடு,” என்றார்.

மறுநாள் காலை பூங்கோதை வந்தாள். பட்டுப்புடவையில் தனியாக வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஹாரனை அழுத்தினாள். நான்கு மெட்டும் சுத்தமாக வாசித்தது. மாட்டியவன் அப்படி மாட்டியிருந்தான்.

“வீட்டுல யாராவது இருக்கீங்களா?”

நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

“யாரும் இல்லம்மா,” என்றேன்.