ரயில் கணக்கு

ஆரோக்கியமேரிக்குக் கூட்டல் கரும்பு, கழித்தல் வேம்பு. ஒன்பதில் நாலு போனால் எவ்வளவு என்று கேட்டால் போதும், அழுதுவிடுவாள்.

"பெயிலானா ஊட்லயே இருக்கட்டும் டீச்சர். கைக்கொழந்தைய யாரு பாத்துக்குவா?" என்றாள் அவள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வயதில் ஆயா வேலையா? விட்டேனா நான்!

அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்கு ரயில் தெரியும். அவர்கள் அப்பாக்கள் காலை வண்டியில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்குப் போய் மாலை வண்டியில் திரும்புகிறவர்கள். ஆகவே இரண்டாம் வகுப்பு பெஞ்சுகளை வண்டியாக்கினேன். பொன்னேரியில் மூன்று பேர் இறங்கினால் மீதி எத்தனை பேர்? மற்ற பிள்ளைகள் கூவிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். மேரி மட்டும் இறங்கியவர்களையும் சேர்த்தே எண்ணினாள்.

"அவங்கதான் எறங்கிட்டாங்களேடி!"

"இங்கதான நிக்கிறாங்க டீச்சர்?"

அதுவும் நியாயம்தான். எனக்குத்தான் தலைவலி.

அவள் அப்பா சாலமோன் ஒருநாள் ஸ்டேஷனில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானும் சொல்லிக் குடுத்துக்கினுதான் கீறேன் டீச்சர். நம்ம தெரு ஆளுங்க காலைல எத்தினி பேர் ஏறுறோம், சாயங்காலம் எத்தினி பேர் எறங்குறோம்னு டெய்லி எண்ணச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே வரும்? அதுல கழித்தல் எங்கே?" என்று கிண்டல் செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, எண்ணூருக்குப் போக அதே வண்டிக்குக் காத்திருந்தேன். கைக்குழந்தையோடு அம்மாவும் மேரியும் சற்றுத் தள்ளி நின்றார்கள். வண்டியிலிருந்து இறங்கிய அப்பாவு நேராக என்னிடம் வந்தார். சாலமோனோடு வேலை செய்கிறவர்.

"உலை வெடிச்சிடுச்சு டீச்சர். சாலமோன் பூட்டான். பாடி வர்ற வரைக்கும் அதுங்ககிட்ட சொல்லாதீங்க" என்று முணுமுணுத்தார். பிறகு அவர்களிடம் போய், "ஓவர்டைம் தங்கச்சி, லேட்டாதான் வருவான்" என்றார். மற்ற ஆண்கள் தலை நிமிராமல் நடந்தார்கள். மேரியின் அம்மா நம்பிவிட்டாள்.

மேரி ஓடிவந்து என் புடவையை இழுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சர், காலைல ஒம்போது பேர் ஏறினாங்க. இப்ப எட்டு பேர்தான் எறங்கினாங்க. மீதி ஒண்ணு! சரியா?"

அவள் அம்மாவும் என் வாயையே பார்த்தாள்.

"சரிதாண்டி கண்ணு."

மேரி துள்ளினாள். "அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீங்க சொல்லாதீங்க டீச்சர்!"