எட்டாம் அறை பெல்

இருபதாவது தடவையாக அந்தப் பொத்தானை அழுத்தினார் லிஃப்டுக்காரர். நடையின் கோடியில், சிஸ்டர்களின் மேசை மேல் இருந்த மணி ஒரே ஒரு முறை 'டிங்' என்றது. எட்டாம் அறைக் கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது.

"இன்னும் எத்தனை வாட்டிண்ணே?" என்று மேசையிலிருந்து பெரிய சிஸ்டர் குரல் கொடுத்தாள். "ஒன்பதாம் ரூம் தாத்தா, ஸ்கூல் விட்டாச்சான்னு கேக்குறாரு."

"இதோ ஆச்சு சிஸ்டர். இன்னும் அஞ்சே அஞ்சு."

அஞ்சும் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே மணிதான். அங்கேதான் அவருக்குப் புரியவில்லை. அவர் அழுத்தினால் ஒன்று அடிக்கிறது. அவர் மனைவி அழுத்தினால் மட்டும் மூன்று அடிக்கிறது. ஒரே பொத்தான், ஒரே கம்பி, ஒரே மணி.

கட்டிலில் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பொத்தான் ஒரு நீளமான கம்பியின் முனையில், பேரிக்காய் அளவுக் கட்டையில் இருந்தது. வழக்கமாக அவள் வலது கைக்குள்ளேயே கிடக்கும். அவர் அதை மெல்லப் பிரித்து எடுத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். விரல்கள் மடிந்தன. கண் திறக்கவில்லை.

தீராத நோய்க்காரர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிப்பதற்கான இல்லம் அது. மொத்தம் பத்து அறைகள். வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. முதல் நாளே அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். 'எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்' என்று தலைப்பு, இருபது கேள்விகள், கேள்விக்கு ஐந்து மார்க். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக நிரப்பித் தந்தால் போதும் என்றார்கள். அவரால் அப்படி இருக்க முடியாது. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பொருத்தியும், பழுது பார்த்தும், கடைசிப் பத்து வருஷம் 'இது ஓடலாம்' என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டும் வாழ்ந்தவர். அன்று மாலையே ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தனியாக மார்க் போட ஆரம்பித்துவிட்டார்.

மருந்து நேரம்: ஐந்து. படுக்கை விரிப்பு: ஐந்து. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது: ஐந்து. சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது: இரண்டு. அதற்கு அவரே எண்ணெய் விட்ட பிறகு நான்கு. அழைப்பு மணி: கேள்விக்குறி.

கேள்விக்குறிக்குக் காரணம் பெல் புத்தகம். அது சிஸ்டர்களின் மேசையில் எப்போதும் விரித்தபடி கிடக்கும். எந்த அறை, எத்தனை மணிக்கு, எத்தனை முறை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எதற்காக என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். தண்ணீர், வலி, ஜன்னல், பேச்சுத்துணை என்று கடைசிக் கட்டத்தில் எல்லா அறைக்கும் ஏதோ ஒன்று இருக்கும். எட்டாம் அறைக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி. பதினொரு நாளாக, தினமும் நான்கு மணிக்கு மேல், ஒரே ஒரு வரி, அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'மூன்று முறை. போய்க் கேட்டோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.'

நான்கு மணிக்குத்தான் அவர் வீட்டுக்குப் போவார். குளித்து, அவள் நைட்டிகளை அலசிக் காயப்போட்டு, முந்தின நாள் காய்ந்ததை மடித்து எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குத் திரும்பிவிடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் இது நடக்கிறது.

"ஸ்விட்ச் துள்ளுது சிஸ்டர், அதான் விஷயம்" என்று நேற்று விளக்கியிருந்தார். எதை விளக்கும்போதும் அவர் குரலில் ஓர் உற்சாகம் வந்துவிடும். "உள்ள ரெண்டு தகடு இருக்கும். அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு தொடணும். ஆனா தொட்டவுடனே ஒட்டிக்காது. தரையில போட்ட பந்து மாதிரி ரெண்டு மூணு தரம் குதிச்சிட்டுத்தான் அடங்கும். ஆள் அமுக்கினது ஒரு தரம், மெஷின் எண்ணுறது மூணு தரம். லிஃப்ட்ல இது பெரிய ரோதனை."

"அப்ப நாங்க அமுக்கும்போது ஏன் ஒண்ணே ஒண்ணு அடிக்குது?"

"அதான் தெரியல" என்றார். தெரியவில்லை என்று சொல்வது அவருக்குப் பல்வலி மாதிரி.

அவள் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. இங்கே வருவதற்கு இரண்டு நாள் முன்பே குரல் போய்விட்டது; வந்த மறுநாள் பேனா பிடிக்கும் தெம்பும் போயிற்று. 'என்னங்க' என்று கடைசியாக எப்போது கூப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தார். சரியாக நினைவில்லை. கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் கவனித்திருக்கலாம். நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்ட வார்த்தை. பாதித் தடவை 'என்ன இப்ப' என்று சலித்துக்கொண்டிருக்கிறார். இப்போது குழாயில் தண்ணீர் நின்றால்கூட, அது நின்ற அமைதியில் அந்த வார்த்தை வருமா என்று காது தானாகத் திரும்புகிறது.

மூன்று நாள் முன்பு அவளிடமே கேட்டுப் பார்த்தார். "பெல் அடிச்சியாமே? வலிக்குதா?" தலை இல்லை என்று அசைந்தது. "தண்ணியா?" இல்லை. "பின்ன என்ன வேணும்?" அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை மட்டும் தூக்கி மேலே காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இரண்டு பாயின்ட் குறைத்தார். அவள் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி.

இந்த இடம் வேண்டாம் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். "அம்மா வீட்டுலயே இருக்கட்டும்ப்பா." வீடு மூன்றாவது மாடி. படிக்கட்டு குறுகல். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. டாக்டர் ஏறி வர மாட்டார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டியவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறாள். கீழே இறக்கிக் கொண்டுவந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் "மெதுவா, மெதுவா" என்றார். வண்டியில் ஏறியதும் அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'அங்கே கூப்பிட்டால் ஆள் வருமா?'

"வரும். வராம எப்படி? நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கைத்தான் நோட்டில் மார்க்காகப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் வந்த மகள் அதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையா உங்க பரீட்சை?"

"பெல் மட்டும்தான் பாக்கி. அதுவும் சரின்னா இந்த இடம் சரிதான்மா. நாம செஞ்சது தப்பில்ல."

"நீங்க ஸ்விட்சப் பார்க்கற நேரத்துல அம்மாவப் பார்க்கலாம்ப்பா" என்றாள். சொன்னதும் அவளுக்கே பாவமாக இருந்திருக்கும். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூச்சு மாறியது. நாலைந்து மூச்சு வேகமாக, பிறகு ஓர் இடைவெளி, பிறகு பெருமூச்சாக ஒன்று. பெரிய சிஸ்டர் வந்து நாடி பார்த்தாள். உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்தாள்.

"அண்ணே, இன்னிக்கு வீட்டுக்குப் போகணுமா?"

"ஏன் சிஸ்டர்?"

"பக்கத்துல இருங்க. பொண்ணையும் சீக்கிரம் வரச் சொல்லிட்டேன்."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததை உள்ளே இறங்கவிடாமல் கை எதையோ தேடியது. நோட்டைத் தொட்டது.

"நான் போகல. ஆனா இங்க உட்கார மாட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நான் இருந்தா கோளாறு வெளிய வராது. கோளாறுன்னா அது வர்ற நேரத்துல பார்த்தாத்தான் உண்டு. வெளிய பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கறேன்."

சிஸ்டர் ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு மேசைக்குப் போனாள்.

நான்கு மணிக்கு எப்போதும் போல மனைவியின் நெற்றியைத் தொட்டு, "போயிட்டு வரேன்" என்றார். நாற்பத்தோரு வருஷத்தில் அவளிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. துணிப்பையைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலே கால் ஆயிற்று. தரை துடைக்கும் அம்மாள் கடந்து போனாள். ஒன்பதாம் ரூம் தாத்தா இருமினார்.

விளக்கு எரிந்தது.

அணைந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். எவ்வளவோ நேரம் போன மாதிரி இருந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அதே அளவு இடைவெளி. மூன்றாவது முறை எரிந்து அணைந்தது.

தகடு துள்ளினால் இப்படி இருக்காது. துள்ளல் கண்ணுக்கே தெரியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். இதில் நடுவே ஒரு மூச்சு வாங்கும் அவகாசம் இருந்தது. பழுதுக்கு இப்படிப் பொறுமை கிடையாது. ஓர் ஆள், எண்ணி, நிறுத்தி, அழுத்தியது இது.

பெரிய சிஸ்டர் அவரைக் கடந்து உள்ளே போனாள். கதவிடுக்கில் பார்த்தார். சிஸ்டர் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மனைவி கண்ணைத் திறந்து, வந்தது யார் என்று பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும்.

வீட்டு மொட்டை மாடியில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. விடுமுறை நாளில் பழைய மோட்டார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடப்பார். சமையலறையிலிருந்து கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வற்றிவிடும். கல்யாணமான இரண்டாம் வருஷம், அவரே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, மாடியில் மணியை மாட்டினார். ஒரு முறை அடித்தால் டீ. இரண்டு முறை அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள்.

"மூணு அடிச்சா?" என்று அவள்தான் கேட்டாள்.

"மூணுக்கு வேலையே இல்லையே."

"இருக்கட்டும். மூணு அடிச்சா வேலை ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். சும்மா வாங்க."

முட்டி வலி வந்து அவர் மொட்டை மாடிக் கொட்டகைக்கு ஏறுவதை விட்டு ஏழெட்டு வருஷம். மணியைக் கழற்றி எங்கே போட்டார் என்றுகூட ஞாபகமில்லை. மூன்று நாள் முன்பு அவள் விரலைத் தூக்கி மேலே காட்டினாள். அவர் விசிறியைக் குறைத்தார்.

துணிப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். சிஸ்டர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். காலடி கேட்டு மனைவி கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை மூடவில்லை.

"மேல இல்ல" என்றார். "இங்கதான் இருக்கேன். கூப்பிட்டியே."

கையிலிருந்த பொத்தானை அவள் விட்டாள். அது கம்பியோடு சரிந்து கட்டிலோரம் தொங்கி ஆடியது. காலியான கையை அவர் பிடித்துக்கொண்டார். அவள் வேறு எதையும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

மகள் ஐந்து மணிக்கு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். சிஸ்டர் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. நல்ல லிஃப்ட் என்றால் தளத்துக்கு வந்து நின்றதே உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று புதுப் பையன்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுண்டு. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இடைவெளி முடியும் என்று மூவரும் காத்திருந்தார்கள். சிஸ்டர்தான் முதலில் எழுந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மகள் போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நடையில் இறங்கி மேசைக்கு வந்தார். படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். இருபது கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தது.

"அவசரமே இல்லண்ணே. பத்து நாள் கழிச்சுக் குடுத்தாப் போதும்" என்றாள் சிஸ்டர்.

"வண்டிச் சக்கரத்துக்கு நாலுதான் போட்டிருக்கணும்" என்றார்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெல் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அவர் அதைத் தன் பக்கம் திருப்பினார். எட்டாம் அறையின் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவே பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். ஒன்றும் கேட்காதவளோடு தினமும் யாரோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இத்தனை நாள் அந்த இரண்டு கட்டங்களை அவர் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு அந்த ரூமுக்கு வேற ஆள் வர்றாங்க" என்றாள் சிஸ்டர் தயங்கி. "அந்த பெல்…"

"பெல்லுல கோளாறு இல்ல சிஸ்டர். பேனா குடுங்க."

இன்றைய வரியையும் சேர்த்துப் பன்னிரண்டு காலிக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் தன் கையெழுத்திலேயே எழுதினார். மற்ற பதினொன்றிலும், சான்றிதழில் போடுவது போல, மேற்படி என்று போட்டு முடித்தார்.

முதல் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'மூன்று முறை அடித்தால் வேலை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்.'