சுமையோடு பிடித்த நூல்

1

இந்தக் கதையை ஒரு சிரிப்புக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். மாத்தளையில் ஒரு வீட்டு முற்றம். அங்கே நின்ற பிக்கப்பின் பின்பெட்டியில் பெண்கள் சிலர் மூட்டைகளைப் போல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று சிரித்த சிரிப்பை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்றிருந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

நூலின் ஒரு முனை என் கையில் இருந்தது, மறுமுனையில் என் கணவர்—

(விட்டுவிட்டேன். ‘நான்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. அவளுக்கு ஸக்கியா என்று பெயர் வைக்கிறேன். அவருக்கு ஸெய்னுலாப்தீன். ஊரார் ஸெய்னு பாஸ் என்பார்கள். மெக்கானிக்கை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.)

2

பிக்கப் பாறூக் முதலாளியுடையது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து ஜீப்பொன்றை வெட்டி, பின்னால் மரப்பெட்டி பூட்டியிருந்தார். இரத்தோட்டைக்கு மேலே மலைத் தோட்டங்களிலிருந்து ஏலக்காயும் மிளகும் அதில்தான் இறங்கும். அந்த வழியை ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. கல்லும் நீரோடையும்தான். சுமை ஏறினால் பெட்டியைத் தாங்கும் வில்பட்டைகள் நெளிந்து, பெட்டி டயரில் உரசும்.

ஸெய்னு பாஸ் பின்பக்கம் இரண்டு வில்லுகளிலும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டார். பழைய லொறிப் பட்டையை அறுத்து, காய்ச்சி, வளைத்துச் செய்தது. இப்போது வெறும் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் உயர்ந்தால் முன்பக்கம் குனியும், குனிந்தால் ஸ்டியரிங் பிடி தவறும். அதற்காக முன் அச்சின் அடியில் இரும்பு ஆப்பு வைத்தார். கடைசியில்தான் நூல்.*

* பின்சக்கரத்தில் நூலைக் கட்டி, டயர்களின் ஓரமாக முன்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின் டயரைத் தொட்ட மாதிரியே முன் டயரையும் தொட்டால் சக்கரம் நேர். ஒரு பக்கம் மட்டும் தொட்டால், அடியில் படுத்துக் கம்பியைத் திருக வேண்டும். ஒருவர் இழுக்க, ஒருவர் படுக்க. கராஜ் வீட்டு முற்றத்திலேயே இருந்ததால் இழுப்பது எப்போதும் ஸக்கியா.

மற்ற கராஜ்களில் வெறும் வண்டிக்கு நூல் பிடிப்பார்கள். இவர் பிடிக்கமாட்டார். “வெறும் வண்டி ஒரு மாதிரி நிக்கும், சுமை வண்டி வேற மாதிரி நிக்கும். முதலாளி வெறும் வண்டியவா மலைலேருந்து எறக்கப் போறாரு?” என்பார். முதலாளி மூட்டை தரவில்லை. ஆகவே பெண்கள் ஏறினார்கள்.

ஸெய்னு பாஸின் தங்கை றஸ்மியா, பக்கத்து வீட்டு மாமியும் அவருடைய மகள்மாரும், கீரை விற்க இரத்தோட்டை பஸ்ஸில் வரும் வேலம்மா, அவளுடைய கூடை.

“வேலம்மா, ஆடாம இருங்க. நீங்க ஆடினா நூல் ஆடுது.”

“என்னைய மூட்டன்னு ஏத்திப்புட்டு ஆடாதங்கிறீங்களே பாஸு. மூட்டைக்கு மூச்சு இருக்குங்க.”

“மாமி எத்தன மூட்ட வரும் நானா?” என்று றஸ்மியா தன் அண்ணனிடம் வேண்டுமென்றே கேட்டாள்.

“வாயப் பொத்து புள்ள!” என்றார் மாமி. ஆனாலும் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். வண்டி ஒரு முனகலோடு அமர்ந்தது.

அடியிலிருந்து அவர் குரல் வந்தது: “இன்னும் கொஞ்சம் எறங்கணும். ஸக்கியா, ஒங்கட உம்மா வந்தா சரியா ஈக்கும்.”

“எங்கட உம்மா வந்தா ஒங்கட பட்டை முறியும். பாத்துக்கோங்க.”

பெட்டி முழுக்கச் சிரிப்பு. நூல் அதிர்ந்தது. அவர் அடியில் படுத்தபடியே சிரித்தார், புழுதி தொண்டையில் போய் இருமினார். பிறகு “இழு” என்றார். அவள் சுட்டுவிரலில் நூலைச் சுற்றி இழுத்தாள். இரண்டு பக்கமும் தொட்டது.

“எறங்குங்க எல்லாரும். பெரிய உபகாரம். நாளைக்கு நானே கொண்டு போய் ஏத்திட்டு வாறேன். சுமையோட பாத்தாத்தான் மனசுக்கு ஒழுங்கு.”

அதுதான் கடைசிச் சாதாரண விஷயம். மறுநாள், மூட்டைகளோடு இறங்கி வரும்போது, மழையில், ஒரு வளைவில்—

(அந்த வளைவை நான் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தை எழுதமாட்டேன்.)

3

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. சரிவில் வழுக்கி, தேயிலைப் புதர்களில் சாய்ந்து நின்றுவிட்டது. மூட்டைகள் கீழே சிதறின. அவரும் வெளியே எறியப்பட்டார். புதர்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டன, அவரைப் பிடிக்கவில்லை. இந்த வாக்கியத்தை அழித்தேன், திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு வாக்குமூலத்தை எதிர்பார்க்கலாம். அவள் நூலைத் தளர்த்திப் பிடித்தாள், சிரிப்பில் கை நழுவியது, அப்படி ஏதாவது. இல்லை. நூல் விறைப்பாகவே இருந்தது. அவள் கையில் எந்தப் பிழையும் இல்லை. கதைக்கு அது நட்டம்தான், என்ன செய்வது.

ஸக்கியா இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. எங்கள் தெருவில் குரல்கூடக் கேட்கக் கூடாது என்பார்கள். அவள் இருந்த அறையின் சன்னல் முற்றத்தைப் பார்த்தது. சன்னலுக்கு வெள்ளைத் திரை.

ஜனாஸா அடக்கமாகி ஒரு கிழமைக்குள், பாறூக் முதலாளி பிக்கப்பை இழுத்துக்கொண்டு வந்து அதே முற்றத்தில் நிறுத்தினார். கூடவே வேறொரு கராஜ்காரர் நுஹ்மான். திரைக்கு இந்தப் பக்கம் குரல்கள் மட்டும் வந்தன.

“பட்டையக் கூட்டினதுதான் வினை. ஆளும் போய், என்ட சாமானும் போய். நூலப் பிடிச்சிப் பாருங்க நுஹ்மான்.”

செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது.

“வலது பக்கம் தொடல்ல முதலாளி. சக்கரம் கோணல்தான்.”

“பாத்தீங்களா? தன்ட வேலைலயே தான் விழுந்தாரு. இனி ஊருக்கு என்னத்தச் சொல்ற?”

ஸக்கியா திரைக்குக் கிட்டே வந்தாள். ஆள் போனதை அல்லாஹ்வின் நாட்டமென்று ஏற்கத் தொடங்கியிருந்தாள். அவருடைய வேலையே அவரைக் கொன்றது என்ற பேச்சு பள்ளிவாசல் முற்றம் வரை போகும், மாத்தளைச் சந்தை வரை போகும், அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கூடவே வரும். வெறும் வண்டி. அவர்கள் வெறும் வண்டியை அளக்கிறார்கள்.

(செத்துப்போனவரைப் பற்றி எழுதுவதும் வெறும் வண்டிக்கு நூல் பிடிப்பது போலத்தான், அவர் சுமந்ததையெல்லாம் இறக்கிவிட்டு— இது மிகவும் அழகாக வருகிறது. நம்ப வேண்டாம்.)

அப்போது அறையில் அவளோடு இருந்தவள் வேலம்மா. கீரைக்கூடையை வாசலில் வைத்துவிட்டுத் துக்கம் கேட்க வந்திருந்தாள்.

“வேலம்மா, சுமை ஏத்திப் பாக்கச் சொல்லுங்க. அவங்க சுமையோடதான் பிடிச்ச. நான்தான் இழுத்த.”

“நான் சொன்னா அவுங்க கேப்பாங்களாம்மா?”

“நான் சொல்ல ஏலாதே.”

வேலம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். திரையின் ஓரத்தை ஸக்கியா ஒரு விரலளவு விலக்கினாள்.

வேலம்மா நேரே போய், சக்கரத்தில் கால் வைத்து, பின்பெட்டியில் ஏறி, நடுவில் உட்கார்ந்தாள்.

“இப்பப் புடிங்க நூல.”

“ஏய், என்ன இது? எறங்கு!” என்றார் முதலாளி.

“பாஸு ஆள ஏத்திக்கிட்டுத்தாங்க புடிச்சாரு. நானே இருந்தேன். மொதலாளி, நீங்களும் ஏறுங்க. நல்லாத்தான் அமுங்கும்.”

நுஹ்மான் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. முதலாளி சிரிக்கவில்லை. வேலம்மாவும் சிரிக்கவில்லை. ஆடாமல் அசையாமல், ஒரு மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தாள். நுஹ்மான் குனிந்து, கீழே கிடந்த நூலை எடுத்தார்.

4

முடிவுகள்.

அ. நுஹ்மான் “நியாயந்தான்” என்கிறார். றஸ்மியாவும் மாமியும் மகள்மாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஏறுகிறார்கள். வண்டி அமர்கிறது. நூல் இரண்டு பக்கமும் தொடுகிறது. முதலாளி தலை குனிகிறார். (முதலாளி தலை குனிந்து நான் பார்த்ததில்லை. இது சினிமா.)

ஆ. எல்லோரும் ஏறுகிறார்கள். வண்டி அமர்கிறது. நூல் தொடவில்லை. புதரில் மோதியதில் கோணியதா, முதலே கோணலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. (பல இரவுகள் இதைத்தான் எழுதினேன். காலையில் கிழித்தேன்.)

இ. ஸக்கியா திரையைத் தள்ளிவிட்டு முற்றத்துக்கு வந்து, நுஹ்மானின் கையிலிருந்து நூலை வாங்கி, சுட்டுவிரலில் சுற்றி, இழு—

அவள் வரவில்லை. அந்தக் காலத்து ஸக்கியா வரமாட்டாள். அவளை இந்தக் காலத்து ஆளாக்கி முற்றத்தில் இறக்கினால், அன்று திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு நான் செய்யும் துரோகமாகிவிடும்.

நடந்தது இவ்வளவுதான். முதலாளி, “மழை வரப்போகுது, இழுத்துட்டுப் போக வண்டியக் கட்டுங்க” என்றார். நுஹ்மான் நூலைச் சுருட்டிச் சன்னல் கட்டையில் வைத்தார். வைக்கும்போது, திரைக்கு முகம் கொடுக்காமல், “சுமை ஏத்தித்தான் பாத்திருக்கணும், மகள்” என்று மெதுவாகச் சொன்னார். அல்லது அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமென்று நான் இத்தனை வருஷமாக நினைத்து நினைத்து அது குரலாகிவிட்டது. இரண்டில் எதுவென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது.

5

முடிவு கேட்பவர்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நூல் சரியாகத் தொட்டிருக்குமா என்று கேட்காதீர்கள். வேண்டுமானால் நீங்கள் ஏறுங்கள், வேலம்மாவுக்குப் பக்கத்தில் இன்னும் இடமிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லலாம். அது கற்பனையில்லை. பாறூக் முதலாளி பிக்கப்பைத் திருத்தினார், பெயின்ட் அடித்தார், பெட்டியை மாற்றினார். பட்டைதான் வினை என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மலைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. இத்தா முடிந்து, முத்துமாரியம்மன் கோயில் பக்கமாக ஸக்கியா முதல்முதல் சந்தைக்குப் போன அன்று, அது அவருடைய கடைவாசலில் சுமையில்லாமல் நின்றது. அதற்குப் பிறகும், பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான்.

பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. அவர் போட்ட பட்டையை யாரும் கழற்றவில்லை.