தொண்ணூற்றொன்பது கிலோப் பூசணி

வைகேரி ஊர்ப் பூசணிப் போட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோப் பூசணி கடைசி இடத்துக்குப் போனது. லாக்லன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஒன்பது கிலோக் காய்க்கு முதலிடம். நடுவில் ஒரு எண்பத்தேழு. மண்டபத்துத் திரை அப்படித்தான் காட்டியது.

திரையில் ஓடிய முடிவுப் பட்டியலின் வலைப்பக்கத்தை எழுதியவள் மெரியானா. கடைசியில் நின்றது அவள் மாமனார் கிளெமின் பூசணி. கோடை முழுக்கப் போர்வை போர்த்தி வளர்த்து, டிராக்டரில் ஏற்றி வந்திருந்தார். கோப்பைக்காக அலமாரியில் இடம்கூட ஒழித்தாயிற்று.

நடுவர் பெரில் நொடியில் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். "சின்னதுதான், ஆனா என்ன களை பாருங்க! பெருசுக்குத் திமிர்தான் ஜாஸ்தி." சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

"இல்லீங்க, தப்பு என்னோடது," என்றாள் மெரியானா. விளக்கிச் சொல்வதென்றால் அவளுக்கு உயிர். "வரிசைப்படுத்துற கட்டளையைச் சும்மா விட்டா, எண்ணையும் வார்த்தையாத்தான் பார்க்கும். அகராதியில நீளத்தையா பார்க்கிறோம்? முதல் எழுத்தைத்தானே? நானூத்திப் பன்னெண்டை இலக்கத்துல எழுதினா நாலுல ஆரம்பிக்குது. அதனால ஒன்பதுதான் பெருசுன்னு முடிவு பண்ணிடுச்சு."

"முதல் எழுத்து ஒண்ணா இருந்தா?" என்றார் கிளெம்.

"அடுத்த எழுத்தைப் பார்க்கும், மாமா. அடுத்த எழுத்தே இல்லாதது தோத்துடும். ஒன்பதுகிட்ட தொண்ணூத்தொன்பது ஜெயிச்சுடும்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று பூரித்துத் திரும்பினால் மாமனாரைக் காணோம். வெளியே மரமறுக்கும் இயந்திரம் உறுமியது.

"மாமா, நிறுத்துங்க! ஒரே வரிதான், மாத்திடறேன்!"

"நீ உன் வேலையைப் பாரும்மா! எனக்குப் புரிஞ்சுபோச்சு!"

மடிக்கணினியைத் திறந்தாள். பழைய வரி இது:

எடைகள்.sort().reverse()

இரண்டிரண்டு எடையாகக் கையில் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார் என்று சொல்லிவிட்டால் போதும். கழிக்க வேண்டுமென்றால் எண்ணாக நினைத்துத்தானே ஆகவேண்டும்?

எடைகள்.sort((a, b) => b - a)

திரையில் நானூற்றுப் பன்னிரண்டு உச்சிக்கு ஏறியது. வெளியே ஓடினாள். புருவம்வரை மஞ்சள் சதை தெறிக்க நின்றிருந்தார் கிளெம். தராசின் மேல் ஒரு துண்டு. தொண்ணூற்றொன்பது, பிசகில்லாமல். கடைசியாகத் தராசில் போட்ட எடைதான் செல்லும் என்பது போட்டி விதி.

திரை மறுபடி மாறியது: தொண்ணூற்றொன்பது, எண்பத்தேழு, ஒன்பது.

"அறுத்ததும் என்ன அடக்கம் பாருங்க!" என்று உருகி, பெரில் கோப்பையை நீட்டினாள்.

"மெஷின் புத்தி தெரிஞ்சு அறுத்தேன், ஜெயிச்சேன்," என்றார் கிளெம்.

"மாமா, அறுக்காமலே ஜெயிச்சிருப்பீங்க."

"எனக்கு ஆறுதல் எதுக்கும்மா? கோப்பைதான் கைக்கு வந்துடுச்சே."

ஒன்பது கிலோக் காயை மார்போடு அணைத்தபடி லாக்லன் அவளிடம் வந்தான். "காலைல நல்லாத்தானே வேலை செஞ்சுது, மெரியானா? யாரோ கைவெச்சுக் கெடுத்துட்டாங்க. கொஞ்சம் பாரேன்."