கேசட்டில் இல்லாத கேள்வி

சாவுப்பாட்டைத் தொடங்கும் முன் தெருப்பாடகர் இன்னாசிராஜ், யாருடைய சாவு என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "இந்தச் சாவுக்கு உரியவுக யாரும் இங்கன இருக்கியளா?" ஓட்டப்பிடாரம் சந்தையானாலும் மணியாச்சி ரயில் நிலைய வாசலானாலும் அதைக் கேட்காமல் அவர் பாடியதில்லை. கை உயர்ந்தால் அந்தப் பாட்டை விட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார். அவருக்கு முன் பாடியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கேள்வி பாட்டுக்குள் அடங்கியதா, வெளியே நிற்பதா என்று அவர் யோசித்ததில்லை.

1983 ஐப்பசியில், பசுவந்தனைக்குப் பக்கத்தில் களையெடுக்கப் போன உச்சிமாகாளி என்ற பதினாறு வயதுப் பெண்ணை ஓடை வெள்ளம் கொண்டுபோனது. மழையில் ஊறிய கரிசல் காலில் அப்பிக்கொள்ள, உடன் போனவர்களோடு அவளால் ஓட முடியவில்லை. இன்னாசிராஜ் அதைப் பாட்டாகக் கட்டினார்.

காலப் புடிச்ச கரிசமண்ணு
கரையேற விடலியே – உச்சிமாகாளி
பேரச் சொல்லிக் கூப்பிட்டாக
பதிலு மட்டும் வரலியே.

மறுவருடம் பசுவந்தனைத் திருவிழாவில் அந்தப் பாட்டுக்கு முன் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அது உச்சிமாகாளியின் தாய் வெயிலம்மாளின் கை. அவர் தலையசைத்துவிட்டு ஒரு கும்மிப்பாட்டுக்கு மாறினார். வெயிலம்மாள் எழுந்து போகவில்லை. கும்மிப்பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

1985இல், கோவில்பட்டியில் கேசட் கடை வைத்திருந்த அப்துல் சுபஹான் அவரை மதுரைக்கு ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போனார். வழிவழியாக வந்த பாட்டுகள் நான்கு, அவரே கட்டியவை நான்கு. உச்சிமாகாளி பாட்டின் முறை வந்தபோது இன்னாசிராஜ் ஒலிவாங்கியைப் பார்த்துக் கேள்வியைக் கேட்டார். சுபஹான் கையமர்த்தினார்.

"அண்ணாச்சி, கேசட்டுல யாரு கை தூக்குவா?"

"கேக்காமப் பாடுனா தொண்ட அடைக்கும் பாய்."

"சுக்குக் காப்பி சொல்லுதேன். தானாத் தொறந்துக்கிடும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசிராஜும் சிரித்தார். கேள்வி வெட்டப்பட்டது; அது இருந்த இடத்தில் வெறும் இரைச்சல் மட்டும் நின்றது. அட்டைப்படத்துக்காக, வாசிக்கவே தெரியாத ஒரு ஆர்மோனியத்தின் முன் அவரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அவருடைய முதல் கேசட் அது. இரண்டு மாதத்தில் டீக்கடைகளிலும் பேருந்துகளிலும் அவர் குரல்தான்.

வெயிலம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடி வந்தாள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்கு அவள் தினமும் பேருந்தில் வந்துபோகிறவள். சண்டை போடும் முகமாக இல்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் கை தூக்குனேன்லா?"

"தூக்குன தாயி."

"நீங்களும் நிறுத்துனிய. இப்ப பஸ்ஸுல தெனமும் ரெண்டு நேரம் எம்புள்ள சாவுதா. பக்கத்துல இருக்கவ மூக்கச் சிந்திக்கிட்டு, 'என்னமாப் பாடுதான் பாரு'ன்னு எங்கிட்டயே சொல்லுதா. நான் யார்ட்டக் கை தூக்க?"

இன்னாசிராஜ் அன்றே சுபஹானிடம் போனார். சுபஹான் கல்நெஞ்சர் அல்லர். கடையில் மீதியிருந்த கேசட்டுகளை உள்ளே எடுத்து வைத்தார். இனி அடிப்பதில்லை என்றும் சொன்னார்.

"ஆனா அண்ணாச்சி, நம்மளதப் பாத்து ஒருத்தன் அடிக்கான், அவன்டயிருந்து இன்னொருத்தன் அடிக்கான். தூத்துக்குடில உங்க படமே இல்லாம வெறும் அட்டையில விக்குதாவ. நான் எங்கனன்னு போயிப் பிடிக்க?"

டீக்கடைக்காரர்கள் அவர் எதிரில் நிற்கும்வரை மட்டும் பாட்டை நிறுத்தினார்கள். மிஞ்சியது வெயிலம்மாள் போய்வரும் பேருந்து. அதன் நடத்துநர் கிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீருதான் பாடுனதுன்னு எப்படி நம்ப? படத்துல ஆர்மோனியம் இருக்கு, உம்மகிட்டக் காணுமே."

இன்னாசிராஜ் பேருந்து நிலையத்தில் நின்றபடி இரண்டு அடி பாடிக் காட்டினார்.

"அடேயப்பா! அச்சு அசலா அவர மாதிரியேல்லா பாடுதீரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிட்டுவின் அருகில் போய், அந்த வண்டியில் தினமும் வரும் வெயிலம்மாள் யார் என்பதைச் சொன்னார். கிட்டுவின் முகம் மாறியது. ஓட்டுநரிடம் போய்க் கேசட்டை வாங்கி வந்து அவர் கையில் வைத்தான். "தெரியாது அண்ணாச்சி. மாதாமேல சத்தியமா இந்த வண்டியில இனி அது ஓடாது."

சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க, அன்று மாலை இன்னாசிராஜும் அந்தப் பேருந்தில் ஏறினார். அது மீண்டும் ஓர் ஐப்பசி. பேருந்துக்குள் பேச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. முன்னிருக்கையில் ஜன்னலோரம் இருந்த வெயிலம்மாள் நெடுநாளுக்குப் பிறகு கண்ணயர்ந்தாள்.

பசுவந்தனைக்குச் சற்று முன்னே ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வடியட்டும் என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். உச்சிமாகாளி போன ஓடை அதுதான். அக்கரையில் ஒரு காதுகுத்து வீடு. வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கல்யாணப் பாட்டொன்று முடிந்து, அடுத்ததற்கு முந்தைய இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலின் நீளத்தை இன்னாசிராஜ் அறிவார். கேள்வி இருந்த இடம் அது.

அவர் இறங்கி ஓடினார். நான்கு எட்டு வைப்பதற்குள் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு நீரின் விளிம்புவரை போய் நின்று கத்தினார்.

"நிப்பாட்டுங்கய்யா! ஏலே, செட்டுக்காரரே! நிப்பாட்டுங்க!"

பந்தலில் யாரோ ஒருவர் அவரைப் பார்த்துக் கையசைத்தார். தண்ணீர் எப்போது வடியும் என்று அவர் கேட்பதாக நினைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியைக் கவனிக்கும் செட்டுக்காரர் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இன்னாசிராஜ் அடிவயிற்றிலிருந்து மறுபடியும் கத்தினார். ஒலிபெருக்கியில் வந்த தம் குரலுக்கு அடியில் அது அவர் காதுக்கே எட்டவில்லை. பாட்டு காட்டைக் கடந்தது, மழையைக் கடந்தது, பெயர் வரும் அடியை நெருங்கியது.

அவர் திரும்பிப் பேருந்தைப் பார்த்தார். வெயிலம்மாள் விழித்திருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, அக்கரை வேப்பமரத்தை நோக்கி, அன்று திருவிழாக் கூட்டத்தில் உயர்த்தியதைப் போலவே கையை உயர்த்தியிருந்தாள்.

பாட்டு அடுத்த அடிக்குப் போனது.