விழுகிற இணைப்பு

என் கணவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நெடுந்தீவில் எங்கள் வீட்டு ரவுட்டரில் இரண்டு இணைய இணைப்புகளை ஒன்றாகக் கட்டிவைத்திருந்தார். ஒன்று தீவின் கைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது. மற்றது கூரைக்கு மேலே, புங்குடுதீவைப் பார்த்து நிற்கும் அலைவாங்கித் தட்டு வழியாக. முதலாவதற்கு என் பெயரையும் இரண்டாவதற்குத் தன் பெயரையும் வைத்தார்.

"இராசமணி மெல்லத்தான் ஓடும், ஆனா விழாது. மற்றது பாய்ஞ்சு ஓடும், சோழகம் அடிச்சா விழுந்திடும். பொருத்தந்தானே?"

"ஓம், விழுறதுக்கு உங்களை விட்டா ஆர்?"

சோழகக் காற்று மாதங்களில் தினமும் ஏணியில் ஏறித் தட்டைத் திருப்பிவிடுவார். எத்தனை தரம் விழுந்தது என்று கொப்பியில் எழுதுவார்.

வைகாசியில் அவர் போய்விட்டார். பிரான்சிலுள்ள மகன் லவனுக்கு இன்னும் வதிவிட விசா இல்லை, வர முடியவில்லை. செத்தவீட்டன்று கைபேசியில் படம் நின்றுபோனது. பெட்டி மூடியதை அவன் காணவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று, இணைப்பு விழுகிறதா என மூன்று நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பியில் அவர் எழுதியதற்குக் கீழே நானும் எழுதினேன். முதல் நாள் பத்தொன்பது தரம்.

பிறகு யாழ்ப்பாணத்தில் இணைய இணைப்பு வேலை செய்யும் நிலாந்தினிக்குக் கைபேசியில் எடுத்தேன். அங்கிருந்தே அவள் ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தாள்.

"அன்ரி, எனக்கு இப்ப ரெண்டும் பச்சையாத்தான் காட்டுது. விழுறது எது?"

"அவரின்ரை பேர் உள்ளது."

"எவரின்ரை?"

"வீட்டுக்காரரின்ரை."

"அப்பிடி ஒரு பேரும் இதிலை இல்லையே! பேரைச் சொல்லுங்கோ. மாறிக் கழட்டினால் நாளைக்கு ஒண்டும் வராது."

கலியாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை.

"வல்லிபுரம்" என்றேன்.

அவள் அந்தப் பெயரைத் தேடி எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "படத்தைத் துண்டுதுண்டாக்கி ரெண்டு வழியாலையும் அனுப்புது, அன்ரி. ஒரு துண்டு வராட்டி மற்றதுகளும் காத்து நிக்கும். அதாலைதான் படம் நிக்குது. இதைக் கழட்டிவிடட்டோ?"

"கழட்ட வேண்டாம் பிள்ளை."

"அப்ப காத்திருப்பிலை விடுறன். உங்கடை இணைப்பு விழுந்தால் மட்டும் வரும்."

அடுத்த நாள் அந்தியேட்டி. அவருடைய தம்பி மகன் ரஜீபன் கிரியை செய்தான். ஐயர் இறந்தவரின் பெயரைக் கேட்டபோது லவன் கைபேசியிலிருந்து சொன்னான். ஓர் எழுத்தும் உடையவில்லை.

எல்லாரும் போனபின் லவன் கேட்டான்: "படம் கொஞ்சம் மங்கல் அம்மா. ஆனா ஒண்டும் விட்டுப்போகேல்லை. அப்பான்ரை இணைப்பு இல்லையோ?"

"இருக்கு. காத்துக்கொண்டு நிக்குது."

அதன்பிறகு அவன் பக்கத்தில் சத்தமே இல்லை. இணைப்பு விழுந்துவிட்டதென்று திரும்பி ரவுட்டரைப் பார்த்தேன். பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.