ஒன்பது நாள் பாட்டு

வீரராகவ நாயக்கர் வீட்டு வாசலில், வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்து பம்பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் எல்லையம்மன் கோயில் பூசாரி வேம்புலி. நாயக்கரின் மகள் வடிவுக்கு அம்மை இறங்கிவிட்டது. இன்று தலைக்குத் தண்ணீர். ஒன்பது நாளாக ஆத்தாளுக்குத் தாலாட்டுப் பாடி அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அம்மை கண்ட வீட்டில் பாட உட்கார்ந்தவன், தண்ணீர் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கள்ளிக்குப்பத்து வழக்கம் அது. ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகை கட்டும் மேஸ்திரி அதற்கெல்லாம் காத்திருப்பானா? நான்காம் நாளே வேம்புலியின் பெயரைக் கூலிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். தினம் பத்தணா கூலி போயே போய்விட்டது.

காலையில் அவன் மனைவி கன்னியம்மா ஒரு வழி சொன்னாள். "உனுக்கு அருள் வர்றப்போ கேளுய்யா. ஆத்தா கேட்டா நாயக்கரு மறுபேச்சு பேசாம குடுப்பாரு."

"ஆத்தா வாயில என் கூலிய வெக்கறதா? நானே கேக்கறேன்."

கேட்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆண்டே, ஒம்போது நாளு வேலைக்குப் போவல. வேலையும் பூட்ச்சி. எதுனா கூலியாப் பாத்துக் குடுங்க" என்றான்.

நாயக்கருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆத்தாளுக்குப் பாடறதுக்குக் கூலியா? உங்கப்பன் ஒரு நாளு கேட்டிருப்பானாடா?"

"சிவன் கோயிலு குருக்களுக்கு நெல்லு அளக்கறீங்களே, ஆண்டே."

"அது மானியம்டா. எழுதி வெச்சிக்கீது. உனுக்கு எவன் எழுதி வெச்சான்?"

வேம்புலியை அவமானம் பிடுங்கித் தின்றது. பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியானதும் பம்பையின் அடி வேகமேறிற்று. அருள் வந்து வேம்புலியின் உடம்பு ஆடியது. சற்று முன் வைத அதே நாயக்கர் ஈரத்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"தாயே, என் பொண்ணத் திருப்பிக் குடுத்துட்டே! உனுக்கு இன்னா வோணும்? ஆடா, மாடா, நெலமா? வாயத் தொறந்து கேளு!"

வேலிக்கு வெளியே நின்ற கன்னியம்மாவின் முகம் வேம்புலியின் கண்ணில் பட்டது. கூலி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

"சேவலு... ஒரு சேவலு" என்றான், வழக்கம்போல.

கேட்ட வாய் மூடுமுன் வந்தது சேவல். நன்றாகக் கொழுத்த சேவல். அங்கேயே அறுத்துப் படைத்துவிட்டு நாயக்கர் வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோனார்கள்.

பொழுது சாய, வெளியே காத்திருந்தவனுக்குப் பூசாரி பங்கு என்று வேலிக்கு மேலாக ஒரு இலைப் பொட்டலம் வந்தது. வேம்புலி பிரித்தான். சேவலின் தலையும் இரண்டு கால்களும் இருந்தன.